காலில் புடைக்கும் சிரையும் முகத்தில் படரும் மங்கும்: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது குறித்துச் சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகள்

சேலத்தில் காலில் சுருண்ட சிரைக்கும் (வெரிகோஸ் வெயின்; சிரை என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்), மங்கு எனப்படும் கரும்பழுப்புத் திட்டு போன்ற முகத்துத் தோல் தொல்லைகளுக்கும் சிகிச்சை தருவதாகச் சொல்லும் விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பதைப் பலகை சொல்லாது. அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இது மருத்துவரை நேரில் பார்ப்பதற்கு மாற்று அன்று. பார்க்கப் போவதற்கு முன் படித்துக்கொள்ள வேண்டியது.

காலும் முகமும் வெவ்வேறு இடங்கள். இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

பல மருத்துவ மையங்கள் இரண்டுக்கும் லேசர் கருவிகளை வாங்கி வைத்திருக்கின்றன. அதனால் வாங்கி வைத்த கருவிக்கு ஏற்ற நோயாளியைத் தேடும் போக்கும் இரண்டிலும் உண்டு. மருத்துவ ரீதியான காரணங்கள் வேறு. காலில் தோல் கருத்து அரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் சிரையில் இருக்கிறது. முகத்தில் சிவப்பு நூல் போல இரத்தக்குழாய்கள் தெரிவதற்குக் காரணம் சில வேளைகளில் இரத்தக்குழாய் அன்று, பூசிய கிரீம். இந்த இரண்டு இடங்களிலும் காரணத்தை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துரத்தினால் பணம் போகும், தொல்லை திரும்ப வரும். மேலும், முகத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் கால் சிரையில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

விசைத்தறியில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறேன். கெண்டைக்காலில் பச்சையாகச் சுருண்டு தெரிகிறது. இதற்குக் கட்டாயம் சிகிச்சை வேண்டுமா?

காலுக்கு வந்த இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் அது திரும்பி இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. வால்வு பழுதுபட்டால் இரத்தம் கீழே தேங்கி, சிரை விரிந்து சுருள்கிறது. குடும்ப வாகு, கர்ப்பம், உடற்பருமன், வயது ஆகியவற்றோடு அசையாமல் நீண்ட நேரம் நிற்பதும் இதை மோசமாக்கும். ஆகையால் இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறிக்கூடங்களிலும் ஜவுளிக்கடைகளிலும் உணவக அடுப்படிகளிலும் வேலை செய்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில் வியப்பில்லை.

சுருண்டு தெரிவது மட்டுமே இருந்து, வலியோ வீக்கமோ இல்லையென்றால் அவசரம் எதுவும் இல்லை. கண்காணித்து வந்தால் போதும். மாலையில் கால் கனத்தல், கணுக்கால் வீக்கம், இரவில் தசைப்பிடிப்பு, அரிப்பு, தோல் கருத்தல், புண் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் பரிசோதிக்க வேண்டும். மருத்துவர்கள் இதை 0 முதல் 6 வரை படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். சுருண்ட சிரை 2, வீக்கம் 3, தோல் மாற்றம் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. உங்கள் கால் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2-இல் இருப்பவருக்கும் 4-இல் இருப்பவருக்கும் ஒரே அவசரத்தோடு தேதி குறிப்பவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: ஏன் என்று.

கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே, டாப்ளர் ஸ்கேன் எதற்கு?

வெளியே தெரிவது விளைவு. கசியும் வால்வு தொடை இடுக்கில் இருக்கலாம், முழங்காலின் பின்புறம் இருக்கலாம், தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரையில் பழைய அடைப்பும் இருக்கலாம். இதை, இரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான் காட்டும். நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்தி விடும்போது மேலோட்டச் சிரையில் இரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது என்று கொள்கிறார்கள். படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனை நம்பி அறுவைக்கு நாள் குறிப்பது சரியன்று. அறிக்கையில் எந்தச் சிரை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மில்லிமீட்டர் அகலம், ஆழ்சிரை நன்றாக இருக்கிறதா என்ற விவரங்கள் இருக்க வேண்டும். ஆழ்சிரை அடைபட்டிருந்து, மேலோட்டச் சிரைதான் இரத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்றால் அதை மூடிவிடுவது கெடுதலாக முடியும்.

லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி, அறுவை சிகிச்சை என்று ஐந்து வழி சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐந்துக்கும் நோக்கம் ஒன்றுதான்: பழுதான சிரையைச் செயலிழக்கச் செய்து, இரத்தத்தை நல்ல சிரைகளின் வழியே திருப்பிவிடுவது. வேறுபடுவது எப்படி மூடுகிறோம் என்பதில்.

தொடையிலிருந்து இறங்கும் பெரிய சிரை நேராகவும் கசிவோடும் இருந்தால், வெப்பத்தால் மூடும் முறைகளான லேசரும் ரேடியோ அலையும் இன்று முதல் தேர்வு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றை முதலிலும், இவை பொருந்தாதபோது நுரை ஊசியையும், அதுவும் பொருந்தாதபோது அறுவையையும் வைத்தது. சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்துநீரைச் செலுத்திவிட்டுச் செய்வதால் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. அன்றே நடந்து வீடு திரும்பலாம். இவ்விரண்டில் எது மேல் என்பதைவிட, அதைச் செய்பவர் எதில் கை தேர்ந்தவர் என்பது முக்கியம். லேசர் இழையும் ரேடியோ அலைக் குழாயும் ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. புதிய உறையைப் பிரித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

பசை முறையில் சயனோஅக்ரிலேட் என்ற ஒட்டுப்பொருளைச் சிரைக்குள் விட்டு மூடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசிகள் குறைவு, வெப்பம் இல்லை. ஆனால் செலவு கூடுதல், சிலருக்கு ஒவ்வாமையால் சிரை நெடுகச் சிவந்து அரிக்கும். முறுக்கிக்கொண்டு போகும் சிரைகளுக்கும், முன்பு அறுவை செய்து மீண்டும் வந்தவர்களுக்கும் நுரை ஊசி உதவும். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்துவார்கள். திரும்ப வரும் வாய்ப்பு இதில் சற்று அதிகம். தொடை இடுக்கில் கட்டிச் சிரையை உருவி எடுக்கும் பழைய அறுவைக்கு இன்றும் இடம் உண்டு. சிரை மிக அகன்றும் தோலை ஒட்டியும் இருப்பவர்களுக்கும், புதிய கருவிகள் இல்லாத இடங்களிலும் அது நல்ல சிகிச்சையே. அதைப் பரிந்துரைத்த மருத்துவரைப் பழமைவாதி என்று எண்ண வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே வெப்ப முறை செய்தால் சிலருக்குச் சில மாதம் தோல் மரத்திருக்கும். மூடிய சிரையிலிருந்து உறைவு ஆழ்சிரைக்கு நீள்கிறதா என்று பார்க்க, சில நாளில் மறுபடி ஸ்கேன் செய்வது பல மையங்களின் வழக்கம். எந்த முறையிலும் ஆண்டுகள் கழித்து வேறு சிரையில் புதிதாக வரலாம். ‘ஆயுளுக்கும் உத்தரவாதம்’ என்று எழுதித் தருபவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

அழுத்தக் காலுறை போட்டால் போதாதா? சேலத்து வெயிலில் அதை எப்படிப் போடுவது?

ஸ்டாக்கிங்ஸ் என்று கடையில் கேட்கும் இந்தக் காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். பழுதான வால்வைச் சரிசெய்யாது. கழற்றினால் பழைய நிலைதான். கர்ப்பிணிகளுக்கும், மற்ற சிகிச்சை செய்துகொள்ள முடியாதவர்களுக்கும், காத்திருக்கும் காலத்திலும் அது உதவும். பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதைத் தருகிறார்கள். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை நாடாவால் அளந்து வாங்க வேண்டும். அதுவும் வீக்கம் ஏறாத காலை நேரத்தில். கட்டிலை விட்டு இறங்கும் முன் மாட்டி, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் முழங்கால் வரையுள்ள, விரல் திறந்த வகையே தாங்கும். தொடை வரை உள்ளதை வாங்கிப் பீரோவில் வைப்பதைவிட இது மேல்.

நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் காலின் தமனி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் காலுறை போடக்கூடாது. கணுக்கால் இரத்த அழுத்தம் கை அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் அழுத்தக் காலுறை காலுக்கே ஆபத்து.

அம்மாவுக்குக் கணுக்காலின் உட்புறம் கருத்து, அரித்து, தோல் தடித்துவிட்டது. மருந்துக்கடையில் தந்த கிரீமால் அரிப்பு அடங்கித் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே அதிகக் கவனம் வேண்டிய கேள்வி இது. தேங்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிரையிலிருந்து கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதால் அந்தக் கருமை வருகிறது. அதோடு சேர்ந்து வரும் அழற்சிதான் அரிப்பு. படர்தாமரை என்றும் எக்ஸிமா என்றும் எண்ணிப் பல ஆண்டுகள் களிம்பு பூசியவர்கள் உண்டு. ஸ்டீராய்டு களிம்பு அரிப்பைச் சில நாள் அடக்கும். நீண்ட நாள் பூசினால் ஏற்கெனவே நலிந்த தோல் மேலும் மெலிந்து, சிறு கீறலே ஆறாத புண்ணாக மாறும். வெளுக்கும் கிரீம்களுக்கு இங்கே வேலையே இல்லை.

அம்மாவுக்குத் தேவை டாப்ளர் ஸ்கேன். சிரைக் கசிவு உறுதியானால் அதை மூடுவதுதான் தோலுக்கான சிகிச்சை; தோல் மருத்துவர் தரும் ஈரப்பதக் களிம்பும், குறுகிய காலத்துக்கு மிதமான ஸ்டீராய்டும் துணை. படிந்த கருமை முழுவதும் போகாமல் இருக்கலாம். புண்ணாகாமல் தடுப்பதே நோக்கம். புண் வந்துவிட்டாலும் சிரைச் சிகிச்சையைப் புண் ஆறும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அழுத்தக் கட்டோடு சிரையையும் விரைவில் மூடியவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியது என்பதை 2018-இல் வெளியான எவ்ரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

தொடையில் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் சிலந்தி வலை போலத் தெரிகின்றன. லேசர் செய்யலாமா?

1 மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தக் கோடுகள் பெரும்பாலும் தோற்றம் பற்றிய கவலை மட்டுமே. செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். செய்வதென்றால் காலில் முதல் தேர்வு நுண்ணூசி வழியே மருந்து செலுத்துவது. லேசர் அதற்கு அடுத்தது. நம்முடைய மாநிறத் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் சூடு பட்டுத் தழும்போ வெள்ளைத் திட்டோ வரக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி யாக் லேசர் மெலனினால் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் நமக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஊசிக்குப் பின்னும் பழுப்புக் கறை சில மாதம் நிற்கலாம். அடுத்த மாதம் கல்யாணம் என்றால் இப்போது தொடங்காதீர்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவது வழக்கம். சிரைச் சுருட்டல் இருக்கும்போது போகலாமா?

நடப்பது சிரைக்கு நல்லது, நிற்பதுதான் தொல்லை. புண்ணோ, புதிய வீக்கமோ, இரத்த உறைவோ இல்லாதவர்கள் காலுறையுடன் நடக்கலாம். தங்கும் இடத்தில் காலை மூட்டையின் மேல் உயர்த்தி வைத்துப் படுக்கலாம். சிகிச்சை செய்துகொண்டு சில நாள்களே ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்டே கிளம்ப வேண்டும்.

எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. சிரை வெடித்து இரத்தம் பீய்ச்சினால் உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்துங்கள். நின்றுகொண்டே துடைத்துக்கொண்டிருந்தால் நிற்காத இரத்தம், படுத்துக் காலை உயர்த்தியதும் பெரும்பாலும் அடங்கும். தொடையில் கயிறு கட்டுவது வேண்டாம்.

கன்னத்தில் மங்கு இருக்கிறது. லேசரால் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்கிறார்களே?

மங்குக்கு லேசர் முதல் சிகிச்சை அன்று. வெளுத்ததுபோல் தெரிந்து, சில மாதங்களில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்புவது நம் தோலில் அடிக்கடி நடக்கிறது. முதலில் வெயில் தடுப்பு; அது இல்லாமல் வேறு எதுவும் நிற்காது. பிறகு அசிலெயிக் அமிலம் போன்ற களிம்புகள், மருத்துவர் கண்காணிப்பில் ஹைட்ரோகுவினோன் சில மாதங்களுக்கு மட்டும். அடுத்த படி, இலேசான அமிலப் பூச்சு. லேசர் கடைசி வரிசையில், குறைந்த ஆற்றலில், ஒரு சிறு இடத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த பின்பு. மங்கைக் கட்டுக்குள் வைக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது என்று நேராகச் சொல்லும் மருத்துவரே நம்பத்தக்கவர்.

கன்னத்துக் கருமை எல்லாம் மங்கு அன்று. தலைச்சாயம், ஒட்டும் பொட்டு, வாசனைப் பொருள் ஆகியவற்றின் ஒவ்வாமையாலும் கருக்கும். அப்போது காரணமான பொருளை நிறுத்துவதே முதல் மருந்து. நெற்றியோரமும் கழுத்தும் வெல்வெட் போலத் தடித்துக் கருத்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரு கிரீம் பூசியதும் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, நூல் போல இரத்தக்குழாய் தெரிகிறது. அந்தக் கோடுகளுக்கு லேசர் செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு நீண்ட நாள் பூசியதன் விளைவு போலத் தெரிகிறது. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மோமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று டியூபின் மேல் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ஆனாலும் தோழி சொன்னார், பார்லரில் கொடுத்தார்கள் என்று பூசுவது நிற்கவில்லை. பெயரே இல்லாத டப்பாவில் வருபவற்றில் பாதரசமும் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தோல் மருத்துவரிடம் டியூபை எடுத்துப் போங்கள். வீரியத்தைப் படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்வார். நிறுத்திய முதல் சில வாரங்கள் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் பயந்து மீண்டும் பூசுவதால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். தோல் தேறிய பின்னும் கோடுகள் மீந்திருந்தால் அப்போது லேசரைப் பற்றிப் பேசலாம். முகத்துக் கோடுகளுக்கு அது கால் கோடுகளைவிட நன்றாகவே வேலை செய்யும்.

ஏற்காட்டில் வெயிலே தெரிவதில்லை. அங்கேயும் சன்ஸ்கிரீன் வேண்டுமா?

வேண்டும். குளிர்ச்சியும் பனிமூட்டமும் சூட்டைத்தான் குறைக்கின்றன. உயரம் 1000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகத்தை ஊடுருவிப் பெரும்பகுதி கதிர் வந்துவிடும். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பியோ முன்னே இழுத்துவிட்ட முக்காடோ எந்தக் களிம்பைவிடவும் மலிவானது, வியர்வையில் கரையாதது. சன்ஸ்கிரீன் பூசுவதென்றால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்குச் சாயம் கலந்த வகை நல்லது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து கருக்கும்.

பருவுக்கும் பருத்தழும்புக்கும் எந்த வரிசையில் சிகிச்சை?

பரு அடங்கிய பிறகே தழும்பு. பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு ஆகிய களிம்புகள் அடிப்படை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். தடித்து வலிக்கும் பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை மிக நல்ல மருந்து, ஆனால் உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. பள்ளத் தழும்புக்கு நுண்ணூசி உருளையோ லேசரோ உதவும், முழுவதும் சமமாகாது.

மச்சம், வெள்ளைத் திட்டு இருந்தால்?

வேகமாக வளரும், நிறம் மாறும், கசியும் மச்சத்தை லேசரால் சுடக்கூடாது. புற்றுநோயா என்று பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு எதுவும் மிஞ்சாது. வெளிறிய திட்டில் தொடுஉணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை வேண்டும். தொழுநோய்க்கு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், நோய் முழுவதும் குணமாகும்.

கர்ப்பமாக இருக்கிறேன். காலும் முகமும் சேர்ந்தே மாறிவிட்டன.

இரண்டும் கர்ப்பத்தில் சகஜம். இப்போது காலுறை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல், வெயில் தடுப்பு இவை போதும். சுருண்ட சிரை பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் நன்கு குறையும். முகத்து மங்கும் பலருக்கு வெளிறும். சிரைச் சிகிச்சை, ஹைட்ரோகுவினோன், அடாபலீன் ஆகியவற்றை இப்போது தவிர்க்க வேண்டும்.

கால் சிகிச்சையும் முகச் சிகிச்சையும் ஒரே காலத்தில் நடக்கலாமா?

நடக்கலாம், ஆனால் ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் நடக்கக்கூடாது. மங்குக்குத் தரப்படும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை உறைந்த இரத்தம் கரைவதைத் தடுப்பது. காலில் உறைவு வந்தவர்கள் அதை எடுக்கக்கூடாது. சிரையை மூடும் நாள்களிலும் நிறுத்தி வைப்பதே முறை. பருவுக்கும் ஒழுங்கற்ற மாதவிடாய்க்கும் தரும் ஹார்மோன் மாத்திரைகளும் உறைவு வாய்ப்பைக் கூட்டும். முகத்துக்குத் தரும் மாத்திரைக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி, தோல் மருத்துவரிடம் கால் வீக்கத்தைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம்.

சேலத்தில் யாரிடம் போவது? காப்பீடு கிடைக்குமா?

காலுக்கு இரத்தநாள அறுவை மருத்துவர், இதில் பழகிய பொது அறுவை மருத்துவர் அல்லது குழாய் வழிச் சிகிச்சை செய்யும் கதிரியக்க மருத்துவர், முகத்துக்கு எம்.டி. அல்லது அதற்கு இணையான தோல் மருத்துவப் பட்டம் பெற்றவர். சில நாள் அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் லேசரைக் கையாளத் தகுதி ஆகாது. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலும் அறுவைப் பிரிவிலும் வெளிநோயாளியாகக் காட்டலாம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து, பரிந்துரைச் சீட்டோடு இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு முறை கடக்க வேண்டியிராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிரைச் சிகிச்சை எந்தத் தொகுப்பில் வருகிறது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்க வேண்டும். தனியார் காப்பீட்டில் ஸ்கேன் அறிக்கையும், வீக்கம், புண் போன்ற அறிகுறிகள் எழுதிய மருத்துவர் சீட்டும் இல்லாவிட்டால் ‘அழகுக்கானது’ என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட வாய்ப்புண்டு. மங்கு, தழும்பு, சிலந்தி வலைக் கோடுகள் ஆகியவற்றுக்கு வழக்கமாகக் காப்பீடு கிடையாது. எத்தனை அமர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே தொகையைக் கட்டுங்கள்.